குவெரி ஓடும்போது ரேமில் தரவைச் சுருக்கி வைத்தால் உண்மையில் பலன் உண்டா?

இரவுச்சுடர் கேட்டது:

வணக்கம். டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் 16, 64 ஜிபி ரேம். பகலில் ஒரு குறையும் இல்லை, இரவில் ஓடும் மாத அறிக்கை ஒன்றுதான் உயிரை எடுக்கிறது. ஆர்டர் டேபிளில் 1.8 கோடி ரோ, ஆர்டருக்குள் இருக்கும் பொருட்களின் டேபிளில் 20 கோடி ரோ. இரண்டையும் ஜாயின் செய்து, அதாவது இணைத்து, மண்டலம், விற்பனை வழி, நிலை, மாதம் என்று குரூப் செய்து தொகையைக் கூட்டினால் வேலை முடிந்தது. கடைசியில் வரும் விடை இரண்டாயிரம் ரோ கூட இருக்காது. அதற்கு 40 நிமிடம் ஆகிறது, அந்த 40 நிமிடமும் டிஸ்க் மூச்சு விடாமல் எழுதிக்கொண்டே இருக்கிறது.

குவெரி எப்படி ஓடுகிறது என்று காட்டும் எக்ஸ்ப்ளெய்ன் அனலைஸ் போட்டுப் பார்த்தேன். ஜாயினுக்காக ஆர்டர் டேபிள்தான் ஹேஷ் ஆகிறது, அதாவது ரேமில் வேகமாகத் தேடும் அட்டவணையாகிறது, அங்கே ‘பேட்சஸ்: 8’ என்று வருகிறது, ரேமில் கொள்ளாமல் 8 துண்டாகப் பிரிகிறது. குவெரியின் ஒரு வேலைக்குக் கொடுக்கும் ரேம் வரம்பான வொர்க் மெம் 256 எம்பி. அதே நேரத்தில் வேறு வேலைகளும் ஓடுவதால் இந்த செஷனில் (இந்த ஓர் இணைப்பில்) பேரலலை, அதாவது ஒரே குவெரியைப் பகிர்ந்து ஓட்டுவதை, அணைத்து வைத்திருக்கிறேன். வொர்க் மெம்மைக் கண்டபடி ஏற்றவும் பயமாக இருக்கிறது, ஒருமுறை அப்படி ஏற்றி சர்வர் ஸ்வாப்பில் (ரேம் போதாமல் பக்கங்களை வெளியே தள்ளும் இடம்) விழுந்து காலை வரை எழவில்லை.

கூடுதல் ரேம் கிடைக்க வழியில்லை. அதனால் இருக்கிற ரேமில் சுருக்கி அடைக்க முடியுமா என்று தேட ஆரம்பித்தேன், தேடத் தேடக் குழப்பம்தான் கூடியது. ஒருவர் லினக்ஸில் இசட்ரேம் (ரேமுக்குள்ளேயே பக்கங்களைச் சுருக்கி வைக்கும் ஸ்வாப்) போடு, 64 ஜிபி அப்படியே இரண்டு மடங்கு மாதிரி நடந்துகொள்ளும் என்கிறார். இன்னொருவர் டேபிளையே கம்ப்ரெஸ் செய்யச் சொல்கிறார். மூன்றாமவர் நெடுவரிசை டேட்டாபேஸுக்கு (ரோவாக அல்லாமல் ஒவ்வொரு நெடுவரிசையையும் தனியாகச் சேமிப்பது) மாறு, அங்கே எல்லாம் தானாகவே சுருங்கித்தான் இருக்கும் என்கிறார். நான் தெரிந்துகொள்ள விரும்புவது இதுதான்: சுருக்கி வைத்தால் படிக்கும்போது விரிக்க வேண்டுமே, அந்தச் செலவு போக மிச்சம் ஏதாவது நிற்குமா? நிற்கும் என்றால் எந்த இடத்தில் சுருக்கினால் நிற்கும்?

தூண்நிழல்:

‘எந்த இடத்தில்’ என்று கேட்டீர்கள் பாருங்கள், அதுதான் சரியான கேள்வி. டேட்டாபேஸ் ரேமை இரண்டு வேலைக்குப் பயன்படுத்துகிறது. ஒன்று, டிஸ்கிலிருந்து வந்த பக்கங்களை (டேபிளைப் பிரித்து வைக்கும் சின்னத் துண்டுகள்) வைத்துக்கொள்ளும் இடம். இன்னொன்று, குவெரி ஓடும்போது ஹேஷ் டேபிள், சார்ட் என்று அந்த நேரத்துக்குக் கட்டிக்கொள்ளும் இடம். பொதுவாக கம்ப்ரெஷன் என்று பேசுகிறவர்கள் முதலாவதைத்தான் நினைத்துக்கொண்டு பேசுகிறார்கள், உங்கள் சிக்கலோ இரண்டாவதில் இருக்கிறது.

முதலாவதிலேயே ஒவ்வொரு டேட்டாபேஸும் ஒவ்வொரு மாதிரி. எஸ்க்யூஎல் சர்வரில் பேஜ் கம்ப்ரெஷன் போட்டால் அந்தப் பக்கம் ரேமிலும் சுருங்கியபடியே இருக்கும், அதனால் அதே ரேமில் அதிகப் பக்கங்கள் கொள்ளும். மைஎஸ்க்யூஎல்லின் இன்னோடிபியில் சுருக்கிய டேபிள் வைத்தால் பஃபர் பூலில் (பக்கங்களை வைக்கும் ரேம் பகுதி) சுருங்கிய பக்கமும் இருக்கலாம், விரித்த பக்கமும் கூடவே இருக்கலாம், ஆக ஒரே தரவு இரண்டு இடம் பிடிக்கும், டிஸ்க் மிச்சமாகுமே தவிர ரேமில் நெருக்கடி கூடக்கூடும். போஸ்ட்கிரெஸில் பெரிய மதிப்புகளைச் சுருக்கி வைக்கும் டோஸ்ட் என்று ஒன்று உண்டு, ஆனால் ஒரு ரோ சுமார் 2 கேபியைத் தாண்டினால்தான் அது கையை வைக்கும். 14-ஆம் பதிப்பிலிருந்து அதில் எல்இசட்4 என்ற வேகமான சுருக்கும் முறை வந்துவிட்டது உண்மைதான், ஆனால் ‘மண்டலம்’, ‘நிலை’ மாதிரி குட்டிச் சொற்களை அது தொடவே தொடாது. ஆகவே ‘டேபிளை கம்ப்ரெஸ் செய்’ என்ற யோசனையை இப்போதே தள்ளி வைத்துவிடலாம்.

இனி உங்கள் ஹேஷ் டேபிளுக்கு வருவோம், அதைக் கையால் கணக்குப் போட முடியும். போஸ்ட்கிரெஸ் ஹேஷ் ஜாயினில் ஒவ்வொரு ரோவுக்கும் தரவு இல்லாமலேயே 32 பைட் போய்விடும்: ஹேஷ் டேபிளின் சங்கிலிக்கும் ஹேஷ் எண்ணுக்கும் 16, ரோவின் தலைப்புக்கு 16. அதற்கு மேல் உங்கள் தரவின் அகலம், 8-இன் மடங்காக மேலே ஏற்றி. அப்புறம் ரோக்களைப் பிரித்துப் போடும் பக்கெட் வரிசை தனி, 1.8 கோடி ரோவுக்கு 2-இன் அடுக்கில் 3,35,54,432 பக்கெட், ஒவ்வொன்றும் 8 பைட், அதுவே 268 எம்பி. எக்ஸ்ப்ளெய்னில் அந்த ஹேஷ் வரியில் ‘விட்த்’ என்று ஒரு ரோவின் அகலத்தைப் பைட்டில் சொல்லும் எண் இருக்கும், அது எவ்வளவு என்று சொல்லுங்கள். மீதியை அதிலிருந்து சொல்கிறேன்.

இசட்ரேம் பற்றி: இந்த வேலைக்கு வேண்டாம். காரணம் கீழே யாராவது எழுதாவிட்டால் நானே எழுதுகிறேன்.

இரவுச்சுடர்:

மிக்க நன்றி. விட்த் 120 என்று இருக்கிறது. மண்டலம், விற்பனை வழி, நிலை மூன்றுமே டெக்ஸ்ட், மூன்றும் தமிழில்தான் சேமிக்கப்பட்டிருக்கின்றன, பழைய மென்பொருளிலிருந்து அப்படியே வந்தது. மண்டலம் 14, விற்பனை வழி 5, நிலை 7, அவ்வளவுதான் வெவ்வேறு மதிப்புகள்.

தூண்நிழல்:

அப்படியானால் ஒரு ரோவுக்கு 120 + 32 = 152 பைட். 1.8 கோடியால் பெருக்கினால் 2.7 ஜிபி, பக்கெட்டையும் சேர்த்தால் ஏறத்தாழ 3 ஜிபி. உங்கள் பதிப்பில் ஹேஷுக்கு வொர்க் மெம்மின் இரண்டு மடங்கு கிடைக்கும், 15-ஆம் பதிப்பிலிருந்து ஹேஷ் மெம் மல்ட்டிப்ளையரின் இயல்பு மதிப்பு 2. ஆக 512 எம்பி. 3 ஜிபியை 512 எம்பியில் அடைக்க 6 துண்டு போதும், ஆனால் துண்டுகள் 2-இன் அடுக்கில்தான் போகும், அதனால்தான் 8. எட்டில் ஏழு பங்கு ஆர்டரும், அதோடு சேர வேண்டிய ஏறக்குறைய 17 கோடி பொருள் ரோவும் டிஸ்குக்குப் போய்த் திரும்பி வருகின்றன. உங்கள் டிஸ்க் மூச்சு விடாததற்கு இதுதான் காரணம்.

இதில் எவ்வளவு வீண் என்று ஒரே ஒரு சொல்லை வைத்துப் பாருங்கள். ‘வடகிழக்கு மண்டலம்’ என்று எழுதினால் எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட். புள்ளிக்கும் 3, கொம்புக்கும் 3. எண்ணினால் 16 குறி, ஒரு இடைவெளி, மொத்தம் 49 பைட், நீளத்தைக் குறிக்க இன்னொன்று. இந்த 50 பைட் சொல்லும் செய்தி என்ன? ‘14 மண்டலங்களில் இது எத்தனாவது’ என்பது மட்டும்தான். அதற்கு 4 பிட் போதும். அதே 50 பைட்டை லட்சக்கணக்கான தடவை ஹேஷ் டேபிளில் நகலெடுத்து வைக்கிறீர்கள்.

ஈரிலக்கம்:

மேலே சொன்ன 4 பிட் கணக்கைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது.

‘விரிக்கும் செலவு போக என்ன மிஞ்சும்’ என்று கேட்டிருந்தீர்கள். நல்ல கம்ப்ரெஷனில் விரிக்கவே தேவையில்லை, சுருங்கிய வடிவத்திலேயே கணக்கைப் போட்டுவிடலாம். இதுதான் மொத்த விஷயத்தின் உயிர். 2005-இல் சி-ஸ்டோர் என்ற ஆய்வு டேட்டாபேஸ் வந்தது, அதன் மேல் 2006-இல் டேனியல் அபாடி, சாமுவேல் மேடன், மிகெல் ஃபெரெய்ரா மூவரும் எழுதிய ஆய்வுக் கட்டுரை சொன்னது இதைத்தான்: கம்ப்ரெஷனைச் சேமிப்பகத்தோடு நிறுத்தாமல் குவெரி ஆபரேட்டர்கள் (ஜாயின், குரூப் போன்ற வேலைகளைச் செய்யும் பகுதிகள்) வரைக்கும் கொண்டு போக வேண்டும்.

உதாரணமாக ‘நிலை’ நெடுவரிசையை அகராதி முறையில் வைத்திருக்கிறோம் என்று கொள்ளுங்கள். 0 என்றால் ‘பதிவானது’, 1 என்றால் ‘அனுப்பியது’, 2 என்றால் ‘ரத்து’, இப்படி 7. இப்போது ‘நிலை = ரத்து’ என்று குவெரி வந்தால் அகராதியில் ஒரே ஒரு தடவை தேடி 2 என்று தெரிந்துகொள்கிறோம், அதற்குப் பிறகு எத்தனை கோடி ரோ வந்தாலும் 2-ஆ இல்லையா என்ற எண் ஒப்பீடு மட்டும்தான், ‘ரத்து’ என்ற 15 பைட்டை எங்கும் தொடுவதில்லை. 7 மதிப்புக்கு 3 பிட் போதும், அதனால் பிட் பேக்கிங் செய்து, அதாவது தேவையான பிட்டுகளை மட்டும் நெருக்கி, அடுக்கினால் சிபியு ஒரு தடவை ரேமிலிருந்து இழுக்கும் 64 பைட் கேஷ் லைனில் 170 மதிப்புகள் வந்துவிடும். டெக்ஸ்டாக இருந்தால் அதே இழுப்பில் நான்கு வந்தால் பெரிது. ரேமிலிருந்து ஒரு தடவை எடுக்க சுமார் 100 நானோ நொடி, சிபியுவுக்குள் உள்ள குட்டி நினைவகமான கேஷுக்குள் இருந்தால் ஒன்றிரண்டு நானோ நொடி, ஆகவே ரேமில் இடம் மிச்சமாவதோடு வேகமும் கூடுகிறது. இடம் போதவில்லை என்பவருக்கு மட்டுமல்ல, ரேம் தாராளமாக உள்ளவருக்கும் இது லாபம்.

குரூப் பை இன்னும் அழகு. மண்டலம் 14, வழி 5, நிலை 7, மாதம் 12. பெருக்கினால் 5,880. எல்லாமே சின்ன எண்களாக இருந்தால் ஹேஷ் டேபிளே வேண்டாம், 5,880 இடம் உள்ள ஓர் அணி போதும், நான்கு குறியீட்டையும் பெருக்கிக் கூட்டி நேராக அந்த இடத்தில் தொகையைச் சேர்த்துவிடலாம். ஹேஷ் போடுவது, இரண்டு மதிப்புக்கு ஒரே ஹேஷ் வரும் மோதலைப் பார்ப்பது, எழுத்தை எழுத்தோடு ஒப்பிடுவது எதுவும் இல்லை. ஒவ்வொரு தொகைக்கும் 8 பைட் என்றால் 47,040 பைட், சிபியுவின் இரண்டாம் நிலை கேஷுக்குள் சுகமாக உட்கார்ந்துவிடும்.

ரன் லெங்த் முறையும் அப்படித்தான். தரவு ‘நிலை’ வாரியாக அடுக்கியிருந்தால் ‘2, தொடர்ந்து 1,00,000 தடவை’ என்று ஒரே இணையாக இருக்கும். எண்ணிக்கை கேட்டால் அந்த 1,00,000-ஐ எடுத்துக் கொடுத்தால் போதும், லட்சம் ரோவைப் பார்க்க வேண்டியதில்லை.

எண்களுக்கு வேறு வழி. ஒரு பிளாக்கில் ஆர்டர் எண்கள் 1,00,00,000 முதல் 1,00,01,000 வரை என்றால் அடி எண்ணை ஒருமுறை எழுதிவிட்டு வித்தியாசத்தை மட்டும் 10 பிட்டில் வைக்கலாம். நடுவில் ஒரே ஒரு எண் எங்கோ தள்ளி இருந்தால் அதற்காக எல்லா எண்ணையும் அகலமாக்கக் கூடாது, விதிவிலக்கை ஓரமாக ஒதுக்கி வைக்கலாம். 2006-இல் மோனெட்டிபி எக்ஸ்100 குழுவினர், பீட்டர் பொன்ச் அதில் ஒருவர், பிஃபோர் என்ற பெயரில் கொண்டு வந்தது இந்த யோசனைதான். டிஸ்கிலிருந்து ரேமுக்கு வரும்போது விரிப்பதை விட்டுவிட்டு, ரேமிலும் சுருங்கியபடியே வைத்து, சிபியு கேஷுக்குள் வரும் அந்தக் கடைசி நொடியில் சின்னத் துண்டாக விரித்து உடனே பயன்படுத்துங்கள் என்றார்கள். விரித்த தரவு ரேமுக்குத் திரும்பிப் போகவே போகாது. என் கண்ணில் அதுதான் பெரிய திருப்பம்.

மெதுநடை:

ஈரிலக்கம் சொன்னதில் தவறு எதுவும் இல்லை, ஆனால் இதைப் படித்துவிட்டு யாராவது எல்லா டேபிளிலும் பெரிய கம்ப்ரெஷனைப் போட்டுவிடப் போகிறார்கள் என்று கவலையாக இருக்கிறது. நான் பட்டதைச் சொல்கிறேன். முன்பு வேலை பார்த்த இடத்தில், தினமும் படிக்கப்படும் ஒரு டேபிளில் இசட்எஸ்டிடி என்ற சுருக்கும் முறையை உயர்ந்த நிலையில் போட்டோம். அளவு நன்றாகக் குறைந்தது, எல்லோருக்கும் சந்தோஷம். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் டிஸ்க் சும்மா இருக்கிறது, சிபியு முழுக்க விரிக்கும் வேலையில் மாட்டிக்கொண்டிருக்கிறது, அறிக்கைகள் முன்பை விட மெதுவாகிவிட்டன. எல்இசட்4க்கு மாற்றிய பிறகுதான் மூச்சு வந்தது. எல்இசட்4 ஒரே கோரில் வினாடிக்குப் பல ஜிபி விரிக்கும், இசட்எஸ்டிடி நன்றாகச் சுருக்கும் ஆனால் விரிக்கும் வேகம் அதை விடக் குறைவு. கிளிக்ஹவுஸ் என்ற நெடுவரிசை டேட்டாபேஸ் எல்இசட்4-ஐ இயல்பாக வைத்திருப்பது சும்மா இல்லை.

இன்னொன்று, எல்இசட்4, இசட்எஸ்டிடி எல்லாம் பிளாக் கம்ப்ரெஷன். அவை பைட்டுகளைப் பார்க்கின்றன, மதிப்புகளைப் பார்ப்பதில்லை. நடுவில் உள்ள ஒரே ஒரு மதிப்பு வேண்டுமென்றாலும் பிளாக் முழுவதையும் விரித்தாக வேண்டும். கிளிக்ஹவுஸில் அந்த பிளாக் பொதுவாக 64 கேபியிலிருந்து 1 எம்பி வரை. மொத்தமாக ஸ்கேன் செய்யும் குவெரிக்குப் பரவாயில்லை, ‘இந்த ஆர்டர் எண்ணைக் கொண்டு வா’ என்று ஆயிரம் பேர் கேட்கும் இடத்தில் அழுத்திவிடும். அகராதி, பிட் பேக்கிங், அடி எண் முறை இவற்றில் அந்தத் தொல்லை இல்லை, 5,000-ஆவது மதிப்பு எங்கே இருக்கிறது என்று பெருக்கிப் பார்த்து நேராகப் போகலாம். ரன் லெங்த்தில் மட்டும் தேடித்தான் போக வேண்டும்.

அகராதி முறைக்கும் எல்லை உண்டு. மதிப்புகள் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று வேறாக இருந்தால், மின்னஞ்சல் முகவரி, யூயூஐடி (ஒவ்வொன்றும் தனித்த நீண்ட அடையாளம்) மாதிரி, அகராதியே தரவின் அளவுக்கு வளர்ந்துவிடும், அதற்கு மேல் குறியீடு வேறு இடம் பிடிக்கும். கிளிக்ஹவுஸின் லோ கார்டினாலிட்டி என்ற அகராதி வகைக்கு அவர்களே சொல்லும் அளவு, 10,000 மதிப்புக்குள் என்றால் நல்லது, 1,00,000 தாண்டினால் சாதாரண டெக்ஸ்டை விட மோசமாகலாம். அப்படிப்பட்ட நீளமான சரங்களுக்கு (எழுத்துத் தொடர்களுக்கு) எஃப்எஸ்எஸ்டி என்று ஒரு முறை 2020-இல் வந்தது, அடிக்கடி வரும் 1 முதல் 8 பைட் துண்டுகளுக்கு ஒரு பைட் குறியீடு கொடுப்பது. ஒவ்வொரு சரத்தையும் தனியாக விரிக்கலாம் என்பதுதான் அதன் பலம்.

அப்புறம் எழுதும் பக்கம். அகர வரிசையில் குறியீடு கொடுத்தால் ‘க முதல் ம வரை’ மாதிரி வரம்புத் தேடலும் எண்ணிலேயே செய்யலாம், ஆனால் நடுவில் ஒரு புதுச் சொல் வந்தால் அதற்குப் பின்னால் உள்ள எல்லாக் குறியீடும் நகர வேண்டும். அதனால்தான் சாப் ஹனா மாதிரி டேட்டாபேஸ்களில் புதிதாக வருவதைத் தனி டெல்டாப் பகுதியில் போட்டு வைத்துப் பிறகு மொத்தமாகச் சேர்க்கிறார்கள். ஓயாமல் அப்டேட் ஆகும் டேபிளுக்கு இவற்றை யோசித்துத்தான் போட வேண்டும்.

மழைக்குருவி:

ஒரு சந்தேகம். என் லேப்டாப்பில் இசட்ரேம் போட்டிருக்கிறேன், அருமையாக வேலை செய்கிறது, 8 ஜிபியிலும் திணறுவதில்லை. சர்வரில் மட்டும் ஏன் வேண்டாம் என்கிறீர்கள்?

தூண்நிழல்:

லேப்டாப்பில் அது நன்றாகத்தான் ஓடும். அங்கே ரேமை அடைத்துக்கொண்டிருப்பது நீங்கள் காலையில் திறந்துவிட்டு மறந்துபோன பிரவுசர் டேப். அந்தப் பக்கங்களைச் சுருக்கி ஓரமாகப் போட்டால் யாருக்கும் நஷ்டமில்லை, எப்போதாவது ஒருமுறைதான் எடுக்கப் போகிறீர்கள்.

ஹேஷ் டேபிள் அப்படியே நேர் எதிர். 20 கோடி பொருள் ரோக்கள் ஒவ்வொன்றும் வந்து ஹேஷ் டேபிளில் ஏதோ ஓர் இடத்தைத் தட்டுகிறது, அடுத்தது எங்கோ தொலைவில் தட்டுகிறது. எந்தப் பக்கமும் ஆறிக் கிடப்பதே இல்லை. இசட்ரேமில் சுருங்கிக் கிடக்கும் பக்கத்தைத் தொட்டால் கெர்னலுக்குள் பேஜ் ஃபால்ட் (பக்கம் தயாராக இல்லை என்ற குறுக்கீடு), 4 கேபி பக்கம் முழுவதும் விரிய வேண்டும், அதற்கு இடம் செய்ய இன்னொரு பக்கம் சுருங்க வேண்டும், இத்தனையும் நமக்குத் தேவையான அந்த 152 பைட்டுக்காக. 100 நானோ நொடியில் முடிய வேண்டியது மைக்ரோ நொடிகளாகும், அது கோடி தடவை நடக்கும்.

இன்னொரு விஷயம் பலர் கவனிப்பதில்லை. பேட்ச் பேட்சாக டிஸ்கில் கொட்டுவது பார்க்க அசிங்கமாக இருந்தாலும் அது ஒழுங்கான வேலை, வரிசையாக எழுதி வரிசையாகப் படிக்கிறது. போஸ்ட்கிரெஸுக்கு ரேம் போதவில்லை என்று தெரியும், தெரிந்துதான் பிரித்துக்கொள்கிறது. ஸ்வாப்பில், அது இசட்ரேம் ஆனாலும் சரி, போஸ்ட்கிரெஸுக்கு எதுவும் தெரியாது, எல்லாம் ரேமில் இருக்கிறது என்று நம்பிக் கண்ட இடத்தில் கை வைக்கும். கேட்டவர் வொர்க் மெம்மை ஏற்றியபோது சர்வர் காலை வரை எழாமல் போனதும் அதே கதைதான்.

கொட்டுவதைச் சுருக்கிக் கொட்டுவது என்றால் அது வேறு, அதில் நியாயம் இருக்கிறது. ஸ்பார்க் என்ற தரவு எஞ்சின் தன் ஸ்பில்லை (டிஸ்கில் கொட்டுவதை) இயல்பாகவே சுருக்கித்தான் எழுதுகிறது, கிளிக்ஹவுஸும் அப்படித்தான். போஸ்ட்கிரெஸ் 16-இல் ஹேஷ் ஜாயினின் தற்காலிகக் கோப்புகளுக்கு அந்த வசதி இல்லை. அந்தக் கோப்புகள் போகும் டெம்ப் டேபிள்ஸ்பேஸை எல்இசட்4 போட்ட இசட்எஃப்எஸ் கோப்பு முறைமையில் வைத்தால் பாதி பலன் கிடைக்கும். ஆனால் உங்கள் இடத்தில் நான் முதலில் கொட்டுவதையே நிறுத்தப் பார்ப்பேன்.

ஈரிலக்கம்:

அதற்கு வழி: போஸ்ட்கிரெஸ் தானாக அகராதி போடாது, நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். மூன்று குட்டி டேபிள், ஒவ்வொன்றிலும் ஸ்மால்இன்ட் (2 பைட்) எண்ணும் சொல்லும். ஆர்டர் டேபிளில் டெக்ஸ்டுக்குப் பதில் அந்த 2 பைட் எண்கள். குவெரியில் ஜாயின், குரூப் பை எல்லாவற்றையும் எண்களிலேயே முடித்துவிட்டு, விடை இரண்டாயிரம் ரோவுக்குள் சுருங்கிய பிறகு வெளியே ஒரு சுற்றில் சொற்களைச் சேருங்கள். உள்ளேயே சொல் டேபிளை ஜாயின் செய்துவிட்டு அதன் மேல் குரூப் போட்டால் எல்லாச் சிரமமும் வீண், 50 பைட் சொல் மறுபடியும் உள்ளே நுழைந்துவிடும். நெடுவரிசை டேட்டாபேஸ்காரர்கள் இதைத்தான் லேட் மெட்டீரியலைசேஷன் என்கிறார்கள், அங்கே எஞ்சின் செய்கிறது, இங்கே நாம் கையால் செய்கிறோம்.

கணக்கு: ஆர்டர் எண் 8, தேதி 4, மூன்று குறியீடு 6, மொத்தம் 18 பைட். 8-இன் மடங்காக 24. தலைப்பு 32 சேர்த்து 56. பெருக்கிப் பக்கெட்டைச் சேர்த்தால் 1.28 ஜிபி. 3 ஜிபி எங்கே, இது எங்கே. வொர்க் மெம் 256-லேயே பேட்ச் 8-லிருந்து 4 ஆகும். இந்த ஒரு செஷனுக்கு மட்டும் 700 எம்பி வைத்தால் ஹேஷுக்கு 1.4 ஜிபி கிடைக்கும், ஒரே பேட்ச், டிஸ்குக்கே போகாது. முன்பு இதே நிலைக்கு வர 1.5 ஜிபிக்கு மேல் வைத்திருக்க வேண்டும்.

பொருட்களை ஆர்டர் வாரியாக முதலில் கூட்டிவிட்டு அப்புறம் ஜாயின் செய்யலாமே என்று தோன்றலாம். உங்களுக்கு அது உதவாது, கூட்டினாலும் 1.8 கோடி குரூப் வரும், அந்த ஹேஷ் இதை விடப் பெரிதாகிவிடும்.

மெதுநடை:

இதையே எஞ்சின் தானாகச் செய்வதைப் பார்க்க ஆசை என்றால் டக்டிபி என்ற நெடுவரிசை டேட்டாபேஸில் கம்ப்ரெஸ்ட் மெட்டீரியலைசேஷன் என்று ஒன்று இருக்கிறது. சார்ட்டுக்கோ குரூப் பைக்கோ தரவை அடுக்கும் முன், அந்த நெடுவரிசையின் குறைந்த மதிப்பு, அதிக மதிப்பு இரண்டையும் பார்த்து 8 பைட் எண்ணை 1 அல்லது 2 பைட்டுக்குள் அடக்கிவிடும், குட்டிச் சரங்களையும் முழு எண்ணாக மாற்றிவிடும், வேலை முடிந்ததும் பழையபடி விரித்துக் கொடுக்கும். இடைநிலைத் தரவைச் சுருக்குவது என்றால் இதுதான். மாத அறிக்கை மட்டும் என்றால் தரவைப் பார்க்கே என்ற நெடுவரிசை வடிவக் கோப்பாக எடுத்து அங்கே ஓட்டிப் பார்ப்பதும் ஒரு வழி.

இரவுச்சுடர்:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. ஐந்து நாள் கழித்து வந்து எழுதுகிறேன், முதலில் நகலெடுத்த டேபிளில் செய்து பார்த்துவிட்டு நேற்று உண்மையான சர்வரிலும் மாற்றிவிட்டேன்.

விட்த் 18. வொர்க் மெம்மைத் தொடாமல் ஓட்டியபோது சொன்னபடியே பேட்ச் 4, நேரம் 23 நிமிடம். செஷனில் 700 எம்பி வைத்து ஓட்டினேன், பேட்ச் 1, நேரம் 11 நிமிடம், தற்காலிகக் கோப்பு ஒன்று கூட உருவாகவில்லை. முதல் தடவை நான் ஈரிலக்கம் எச்சரித்த அதே தவற்றைச் செய்து சொல் டேபிள்களை உள்ளேயே ஜாயின் செய்துவிட்டேன், நேரம் பெரிதாகக் குறையாததைப் பார்த்த பிறகுதான் குவெரியை இரண்டு அடுக்காகப் பிரித்தேன். ஆர்டர் டேபிளும் டிஸ்கில் பாதிக்கு மேல் குறைந்துவிட்டது, பகல் குவெரிகளும் சற்றே வேகமானது போலத் தெரிகிறது.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். பழைய மென்பொருள் இன்னும் சொற்களைத்தான் அனுப்புகிறது. வரும் ஒவ்வொரு ரோவுக்கும் சொல் டேபிளில் ‘இன்சர்ட், ஆன் கான்ஃப்ளிக்ட் டூ நத்திங்’ (ஏற்கெனவே இருந்தால் சேர்க்காதே) போட்டுவிட்டு எண்ணை எடுத்துக்கொள்கிறேன். சொல் டேபிளின் எண் ஸ்மால்சீரியல் (தானாகக் கூடிக்கொண்டே போகும் ஸ்மால்இன்ட்). இது சரிதானே?

தூண்நிழல்:

உடனே மாற்றுங்கள். ஆன் கான்ஃப்ளிக்ட்டில் ரோ சேராவிட்டாலும் எண் கொடுக்கும் சீக்வென்ஸிலிருந்து ஓர் எண் எடுக்கப்பட்டுவிடும், அது திரும்பி வராது. ஸ்மால்இன்ட்டின் எல்லை 32,767. ஏழே சொற்கள் இருந்தாலும் 32,767 தடவை முயன்ற பிறகு அடுத்த இன்சர்ட் பிழையோடு நின்றுவிடும், ஆர்டர் பதிவே தடைப்படும். முதலில் செலக்ட் செய்து பாருங்கள், இல்லையென்றால் மட்டும் இன்சர்ட். இருக்கும் சொற்கள் இவ்வளவு குறைவு என்பதால் அவற்றைச் செயலியிலேயே ஒரு மேப்பில் (சொல்லுக்கு எண் காட்டும் பட்டியலில்) வைத்துக்கொண்டால் செலக்ட்டும் தேவைப்படாது.

இரவுச்சுடர்:

இப்போதுதான் பார்த்தேன், நிலை டேபிளின் சீக்வென்ஸ் 29,412-இல் நிற்கிறது. மதியத்துக்குள் தாண்டியிருக்கும். பதிவு செய்யும் இடத்தில் செலக்ட்டை முன்னால் போட்டுவிட்டேன், எண் நகரவில்லை. மேப்பை நாளை சேர்க்கிறேன்.